நூல் கண்ணாடிக்காரர்

மோர் கொடுத்தால் உடனே குடிக்க மாட்டார். டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்ப்பார். விளிம்புவரை நிறைத்துக் கொடுத்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. எங்கள் கோழிப்பண்ணை ஆபீசில் முதல் நாள் அவர் அப்படித் தூக்கியபோது எனக்குச் சுருக்கென்றது. மோரில் எதையோ கலந்துவிட்டேன் என்று பார்க்கிறாரோ?

"ஏனுங்க தம்பி, மோருக்கு அடியில ஓட்டை தேடறீங்களா?" என்றேன்.

"இது உங்க டம்ளர் இல்லீங்கம்மா. வேற பேரு வெட்டியிருக்குது" என்று சொல்லிவிட்டு ஒரே மடக்காகக் குடித்தார்.

வாங்கிப் பார்த்தேன். எதிர்த்த தோட்டத்துக்காரிக்கு அவள் கல்யாணத்தில் வந்த சீர் டம்ளர். ஏதோ ஒரு விருந்தில் எங்கள் பாத்திரத்தோடு கலந்து வந்து, இரண்டு வருடமாக என் கையில் புழங்கியிருக்கிறது. தொலைந்த புதிதில் அவள் அதைத் தேடிக்கொண்டு என்னிடம் வந்தாள். நானும் அவளோடு உட்கார்ந்து, எடுத்தவளை வாய் வலிக்கத் திட்டினேன். அன்றைக்கு அவள் குடித்த காபிகூட அதே டம்ளரில்தான்.

வந்த நாளே என்னைக் களவாணியாக்கிய மனுஷர்மேல் எனக்கு எப்படி நல்லெண்ணம் வரும்? அன்றைக்கே அவர்மேல் ஒரு கண் வைத்தேன்.

அம்மாபேட்டைக்காரர். தறிக் குடும்பம். ஐம்பது வயசு இருக்கும். துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று பெரிதாக்கிப் பார்த்து எண்ணுகிற மடக்குக் கண்ணாடி, நூல் கண்ணாடி என்பார்கள், ஒன்று சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். தறியை விட்டுக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர் கண்ணாடியை மட்டும் விடவில்லை. கடை கிடையாது. ஒரு பை, அந்தக் கண்ணாடி, ஒரு பழைய லேப்டாப். நாமக்கல்லிலிருந்து எங்கள் பக்கம் வருகிற ரோட்டில் ஆறேழு பண்ணைகள். அவைதான் அவருக்குச் சோறு.

பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டார். "பேரு எதுக்குங்க? நம்பர் இருக்குதுல்ல, கூப்பிடுங்க" என்பார். அவர் வாயில் எப்போதும் இருப்பது ஒன்றுதான்: "பேரு வேண்டாமுங்க, நம்பர் சொல்லுங்க."

பஸ் ஏறினாலும் அப்படித்தான். முன்னால் மாட்டியிருக்கிற பலகையை நம்ப மாட்டார். திரும்பி வரும்போது பலகையைத் திருப்ப மறந்திருப்பார்களாம். கண்டக்டரைக் கேட்பார். கண்டக்டர் சொன்னதையும் நம்பாமல் உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் கேட்பார். அதற்குள் பஸ் நகர்ந்துவிடும். எங்கள் நிறுத்தத்தில் அவர் விட்ட பஸ்களை நான் வாசலில் நின்று எண்ணியிருக்கிறேன்.

அவரை ஏன் கூப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். என் மகன் புதுசாக மூடின ஷெட் கட்டினான். ஒரு பக்கம் ஆளுயர ஃபேன்கள், மறுபக்கம் தண்ணீர் வழிகிற அட்டைச் சுவர். உள்ளே கூண்டு கூண்டாக முட்டைக் கோழி. சித்திரை வெயிலில் ஃபேன் நின்றால் அரைமணி நேரம்கூடத் தாங்காது. அதனால் ஷெட்டில் ஒரு பெட்டி. ஃபேன் நின்றால் அது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் என் மகன் போனுக்குச் சேதி அனுப்பும். எல்லாம் ஓடுகிறது என்று இடையிடையே ஒரு சேதியும் வரும். முதலில் வயர் இழுத்துப் பார்த்தோம். எலி இரண்டு முறை கடித்துத் தின்றது. பிறகு வயர் இல்லாமல் சேதியை வாங்குகிற ஏற்பாடு. அதற்குக் கம்ப்யூட்டருக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை அட்டை, பின்னால் இரண்டு கொம்பு. நெட்வொர்க் கார்டு என்றார்கள்.

அந்தச் சமயம் பார்த்துக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து ஒன்றும் திறக்கவில்லை. இவர் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு லினக்ஸ் என்று வேறொன்றைப் போட்டார். பண்ணை ஆட்களும் படிக்கட்டும் என்று திரையில் எல்லாவற்றையும் தமிழிலேயே வரவைத்தார். நான் படித்தது ஐந்தாவது. எனக்கே படிக்க வந்தது.

"இது ஆரு பண்ணுனதுங்க?" என்று கேட்டேன்.

"ஊர் உலகத்துல இருக்கறவங்க சேர்ந்து எழுதி, வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்னு வெச்சிருக்காங்கம்மா."

"சும்மாவா?"

"சும்மாதானுங்க."

"பந்தியில பாயாசத்த ரெண்டாந்தடவ கேட்டாலே மொறைக்கறாங்க. இத ஆரு சாமி சும்மா குடுக்கறது?"

"உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு நாமளே தெறந்து பாத்துக்கலாமுங்க. மூடி வெக்கறதில்ல. அதனாலதான் எனக்கு இது புடிக்கும்."

திறந்து போட்டிருக்கிற வீட்டில்தான் திருடன் புகுவான் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

போட்டது சரி, புது லினக்ஸுக்குப் பச்சை அட்டையைத் தெரியவே இல்லை. என் மகன் அட்டை வந்த பெட்டியைக் கொண்டுவந்து காட்டினான். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து, அட்டையைப் பிடுங்கி, நூல் கண்ணாடியை வைத்து அதன் நடுவில் இருந்த கறுப்புச் சில்லில் பொடி எழுத்தைப் படித்தார்.

"இந்தப் பேர்ல மூணு தினுசு வருதுங்க. பொட்டி ஒண்ணு, படம் ஒண்ணு, உள்ள சில்லு மட்டும் வேற வேற. ரெண்டுக்கு லினக்ஸ்லயே டிரைவர் இருக்குது. உங்களுதுக்கு இல்லீங்க."

"ஊரெல்லாம் லாரி ஓடற நாமக்கல்லுக்கு வந்து டிரைவர் இல்லைங்கறீங்களே" என்றேன்.

சிரிக்கவில்லை. "இந்த வண்டிய ஓட்டத் தெரிஞ்ச ஆளு வேணுமுங்கம்மா. ஆரோ ஒருத்தர் எழுதி வெச்சிருப்பாரு, தேடிப் பாக்கறேன்" என்றார். தேடினார், கிடைத்தது. இறக்கி, அங்கேயே உட்கார்ந்து எங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி கட்டினார். பொழுது சாய்வதற்குள் ஷெட் பெட்டியின் சேதி என் மகன் போனில் கிணுங் என்றது. மகனுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் பத்து நாளைக்குத்தான். சேதி நின்றுபோனது. வந்தார், பார்த்தார். "ஆராவது புதுசாப் போட்டுக்கச் சொல்லி அமுக்குனீங்களா? லினக்ஸோட அடி மாறிப் போயிருக்குது. அடி மாறுனா நான் கட்டுன டிரைவர் நிக்காதுங்க" என்றார். என் மகன் இல்லை என்றான். மருமகள் இல்லை என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் என்ன கம்ப்யூட்டரா படித்தேன்? அவர் எங்கள் முகத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, டிரைவரை மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் மறுபடி. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் முளைத்தது. பழுது பார்க்க வந்தவன் ஒரு திருகாணியைத் தளர விட்டுப் போவது உலகத்தில் இல்லாததா? இவர் வந்து போகிறார், கெடுகிறது. கெடுகிறது, வருகிறார்.

ஆளைச் சோதித்துவிடலாம் என்று ஒரு வேலை செய்தேன். எங்கள் பண்ணை வெள்ளை முட்டையில் ஆறு எடுத்து, டீத்தூள் டிகாக்ஷனில் ஊற வைத்துக் காய வைத்தேன். பார்த்தால் அசல் நாட்டுக்கோழி முட்டை. இவர் நம்பிவிட்டால் வெறும் வேஷக்காரர். கண்டுபிடித்துவிட்டால் பெரிய கள்ளன். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம்.

"நாட்டு முட்டைங்க தம்பி, ஊட்டுக்குக் கொண்டு போங்க" என்றேன்.

ஒரு முட்டையை எடுத்தார். கண்ணாடியை விரித்தார். நாக்கில் விரலைத் தொட்டு ஓட்டில் தேய்த்தார். விரலை முகர்ந்தார்.

"டீத்தூள் நல்ல தூளுங்கம்மா" என்றார். சொல்லிவிட்டு ஆறு முட்டையையும் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை நான் விடுவேனா? மருமகளின் அண்ணன் தீவன மில் வைத்திருக்கிறார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூடுகிற இடம் அது. மூட்டைமேல் உட்கார்ந்து அவரைப்போலவே டம்ளரைத் தூக்கிக் காட்டினேன், முட்டையை முகர்ந்து காட்டினேன். மில்லே சிரித்து உருண்டது. சிரிப்போடு சிரிப்பாக, "வந்துட்டுப் போனா கெடுது சாமி, என்ன மாயமோ" என்றும் ஒரு வார்த்தை போட்டேன். சிரிப்பு அன்றைக்கே அடங்கிவிட்டது. அந்த வார்த்தை அடங்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார். இன்னொருவர் அவர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே ஆளை உட்கார வைத்தார். மற்றவர்கள், எங்கள் பண்ணையில் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் விட்டால் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

சித்திரையில் மூன்றாம் முறை நின்றது. மருமகளின் அண்ணன் அந்த மில்க்காரரின் பேச்சைக் கேட்டு என் மகன் டவுனிலிருந்து வேறொரு ஆளைக் கூட்டிவந்தான். அவன் பழைய அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே பெயரில் புது அட்டை வாங்கி மாட்டினான். ஓடவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று போனான். மறுநாள் அவன் வருவதற்குள், மத்தியானம் கரண்டில் ஒரு ஃபேஸ் போய் ஃபேன்கள் நின்றன. ஜெனரேட்டரும் பிடிக்கவில்லை. போனில் ஒரு சத்தமும் இல்லை. ஷெட்டுப் பக்கம் இரைச்சலே இல்லாமல் இருக்கிறதே என்று மருமகள்தான் ஓடிப் பார்த்தாள். எல்லோருமாகப் பக்கத் தடுப்புப் படுதாவைக் கிழித்துத் தண்ணீர் அடித்தோம். முன் வரிசையைக் காப்பாற்றினோம். கடைசி வரிசைக் கூண்டு முழுக்கக் கழுத்துத் தொங்கிக் கிடந்தது.

மறுநாள் காலையில் அவரைக் கூப்பிட்டார்கள். ரிப்பேருக்கு என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ஆபீசில் என் மகனும் மில்க்காரரும் உட்கார்ந்திருந்த தோரணை வேறு. நான் கதவோரம் நின்றேன்.

அவர் வந்ததும் புது அட்டையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இதுவும் அதே பேருதானுங்க, நம்பர் வேற. புதுசா வந்த நாலாவது தினுசு. இதுக்கு லினக்ஸுல ஒண்ணுமே வரலை" என்று கழற்றிப் பழையதை மாட்டினார். அதற்குப் பிறகு கை வைக்கவில்லை.

"இந்தத் தடவ ஏன் கெட்டுதுன்னு பாக்காம கட்ட மாட்டனுங்க" என்றார். "எது எப்ப மாறுச்சுன்னு இது எழுதி வெச்சிருக்கும். தேதி, மணி எல்லாம்."

கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடவிட்டார். மூன்று தேதிகளைக் காகிதத்தில் எழுதினார். சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றி, அதன் அட்டையில் பொடியாக அச்சடித்திருந்த விசேஷ நாட்களின்மேல் கண்ணாடியை வைத்து ஊர்ந்தார்.

"மூணுமே அமாவாசைங்க. காலைல பத்து, பத்தரைக்கு."

நான் கதவுக்குப் பின்னால் ஓரடி நகர்ந்தேன்.

அமாவாசை என்றால் எங்கள் பண்ணையில் நான்தான் எல்லாம். தராசு, மோட்டார் ஸ்டார்ட்டர், முட்டை வண்டி, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவேன். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத்தான் காட்டுவேன், தூங்குகிற சாமிக்கு யாராவது காட்டுவார்களா? அப்போது திரையில் ஒரு கட்டம் வரும். புதுப்பிக்கலாமா என்று கேட்கும். கீழே 'ஆம்', 'இல்லை'. எதிரே கற்பூரம் எரிகிறது. எங்கள் வீட்டில் விளக்கு எரியும்போது இல்லை என்ற சொல்லையே எடுக்க மாட்டோம். அரிசி தீர்ந்தால்கூட நிறைஞ்சிருக்குது என்போம். நான் எப்படி 'இல்லை'யில் கை வைப்பேன்? 'ஆம்' அமுக்குவேன். அணைத்துப் போடவா என்று கேட்கும். அதற்கும் 'ஆம்'. அது அணைந்து எரியும். தீபாராதனையை வாங்கிக்கொண்டு கண்ணை மூடித் திறக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

"அமாவாசையா!" என்றார் மில்க்காரர். "அப்பறமென்ன மாப்ள? அன்னைக்கு ஊடே பூசையில இருக்கும்னு தெரிஞ்ச ஆளோட வேலை இது. அவங்க ஊட்ல இருந்துக்கிட்டே கம்ப்யூட்டருக்குள்ள பூந்து பண்றாங்களாமா, கேள்விப்பட்டதில்லையா?"

என் மகன் அவரைப் பார்த்தான். "நேராவே கேக்கறனுங்க. இது நீங்க பண்ணுனதா?"

"இல்லீங்க."

"அப்பறம் ஆரு?"

அவர் திரைப் பக்கம் திரும்பினார். திரையின் ஓரத்தில் அந்த வார அமாவாசைக்கு நான் வைத்த குங்குமம் இருந்தது. அதைப் பார்த்தார். குனிந்து மௌஸின்மேல் கண்ணாடியை வைத்தார். இடதுபக்கப் பொத்தானில், விரல் படுகிற இடத்தில் ஒரு சிவப்புத் தடம். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டேன்.

டக்கென்று கண்ணாடியை மடக்கினார்.

"நேரம் எழுதியிருக்குதுங்க. கை ஆருதுன்னு எழுதலைங்க" என்றார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். கடைசி வரிசைக் கூண்டு கண்ணில் வந்து நின்றது. அத்தனையும் என் தலையில் விழும். திறக்கவில்லை.

அவர் உட்கார்ந்து வேலையை முடித்தார். "இனிமே அடி மாறுனா டிரைவர் தானா மறுபடி கட்டிக்கும். ஆரு எத்தன தடவ அமுக்குனாலும் ஒண்ணும் ஆகாதுங்க."

"இத ஏன் மொதல்லயே பண்ணல?" என்றான் என் மகன்.

"ஏன் கெடுதுன்னு தெரியாம மூடிடக் கூடாதுங்க. இப்பத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதல்ல? சொல்லுங்க பாக்கலாம்" என்று மில்க்காரர் எழுந்துவிட்டார்.

அவர் பையை மாட்டிக்கொண்டார். "தேவைன்னா நாங்களே கூப்பிடறமுங்க" என்றான் என் மகன். எங்கள் பக்கத்தில் இனி வராதே என்பதை அப்படித்தான் சொல்வோம்.

அதற்குப் பிறகு அது கெடவே இல்லை. ஆடி போய் ஆவணியும் போனது. ஒவ்வொரு அமாவாசைக்கும் கட்டம் வருகிறது. கற்பூரத்துக்கு எதிரே நின்று மனசு கேட்காமல் 'ஆம்'தான் அமுக்குகிறேன். அணைந்து எரிந்து, கிணுங் என்று சேதி வந்துவிடுகிறது.

"பாத்தியாம்மா?" என்றான் என் மகன். "அந்தாளு வாரத நிறுத்துனதும் கெடவே மாட்டேங்குது."

அதுவே சாட்சியாகிவிட்டது. மில்லில் சொன்னான். அந்த ரோட்டில் மிச்சமிருந்த பண்ணைகளும் அவரை விட்டன.

புரட்டாசியில் மருமகள் போனிலிருந்து அவர் நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். எடுத்ததும் தடதடவென்று தறிச் சத்தம். ஜலகண்டாபுரத்தில் பவர்லூமுக்குப் போவதாகச் சொன்னார்.

"ஏனுங்க தம்பி, அன்னைக்கு மௌஸப் பாத்தீங்களே?"

"பாத்தனுங்கம்மா."

"அப்பறம் ஏன் சொல்லாம உட்டுட்டீங்க?"

"குங்குமத்தப் பாத்தனுங்க. அமுக்குனதப் பாக்கலையே."

தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி, நான்தான் அமுக்கினேன் என்று சொன்னேன்.

"எத்தன மணிக்குங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பூசை முடிஞ்சு, பத்து பத்தரைக்குத் தம்பி."

"செரிங்க. எழுதியிருக்கறதோட ஒத்துப் போகுது" என்றார். அவ்வளவுதான். தறி நிற்கிறது, பார்க்க வேண்டும் என்று வைத்துவிட்டார். கோபமா, மன்னித்துவிட்டாரா, இல்லை இதை எங்காவது எழுதி வைத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அந்த வாரமே மில்லுக்குப் போனேன். என் மகனும் இருந்தான், நாலைந்து பண்ணைக்காரர்களும் இருந்தார்கள். மூட்டைமேல் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். அமாவாசை, கற்பூரம், 'ஆம்', எல்லாம் சொன்னேன். அந்த மனுஷர் மேல் ஒரு குற்றமும் இல்லை, கோழியைக் கொன்றது நான்தான் என்றேன்.

மில் மொத்தமும் வெடித்துச் சிரித்தது.

"கம்ப்யூட்டருக்குத் தீபாராதன காட்டி ஆமான்னு அமுக்குனீங்களா! அத்தைக்கு எங்கிருந்துதான் வருதோ" என்று மில்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நெசமாத்தான் கண்ணு சொல்றேன். மிஷினைக் கேளுங்க, தேதி போட்டு எழுதி வெச்சிருக்குது."

"அதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு இங்க ஆரும்மா இருக்கறாங்க?" என்றான் என் மகன்.

"அவரக் கூட்டியாங்க. ஜலகண்டாபுரத்துலதான் இருக்கறாரு."

"நல்லா இருக்குதே! அவரு மேல குத்தமில்லைன்னு அவரையே கூட்டியாந்து படிக்கச் சொல்றதா?" என்றார் மில்க்காரர்.

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவில் நின்று சிரிக்காமல் இருந்து எனக்குப் பழக்கமே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும், நான் சொன்னது நிஜமோ என்று அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோனது.